தழும்பில் வெட்கம் ஏது?

சேசுநாதருக்குள் மிகவும் பிரியமான பங்குக் குடும்பத்தாருக்கு,

வருகிற பிப்ரவரி 5-ம் தேதி அர்ச். ஆகத்தம்மாள் திருநாள். 11-ம் தேதி லூர்து மாதா திருநாள். பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1992-ம் ஆண்டில் அந்த நாளையே உலக நோயாளர் நாளாகவும் ஏற்படுத்தினார். இந்த இரண்டு நாட்களுக்கும் ஆயத்தமாக, நம் வீடுகளில் தாழ்ந்த குரலில் மட்டும் பேசப்படுகிற ஒரு காரியத்தை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

மார்பகப் புற்றுநோய் கண்டு, சிகிச்சை முடிந்து, பிழைத்து வீடு திரும்பிய இளம் பெண்ணைப் பற்றியது அந்தக் காரியம். வைத்தியர் தம் கடமையைச் செய்துவிட்டார். இனி அவளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் என்ன? அவள் நமக்குச் சொல்லக் கடமைப்பட்டது என்ன? அவள் கல்யாணமாகாதவளானால், பெண் பார்க்க வருகிறவர்களிடம் நோயைச் சொல்ல வேண்டுமா, மறைக்கலாமா? இவற்றுக்கு நம் ஊர் வழக்கம் ஒரு விடை வைத்திருக்கிறது. திருச்சபையின் போதனை வேறொரு விடை தருகிறது. எது நியாயமானது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

முதலில் நோயைப் பற்றிச் சில மெய்யான செய்திகள். ஏனெனில் வதந்திக்கெல்லாம் தாய் அறியாமைதான். இந்தியப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். 2022-ம் ஆண்டில் மட்டும் நம் தேசத்தில் ஏறத்தாழ 1 இலட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இது புதிதாக வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்குச் சொல்கிறது. மேல்நாட்டுப் பெண்களுக்கு வருகிற வயதைக் காட்டிலும் நம் பெண்களுக்குச் சுமார் பத்து வருஷம் முந்தியே வருகிறது என்பது வைத்தியர்கள் கண்டது. ஆகையால் கைக்குழந்தை உள்ள தாயும், கல்யாணப் பேச்சில் இருக்கிற பெண்ணும் இதில் அகப்படுகிறார்கள்.

இது தொற்றுநோய் அன்று. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ, அவள் கையால் குழந்தையை வாங்குவதாலோ ஒருவருக்கும் ஒட்டாது. பரம்பரைக் கூறு காரணமாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். ஆகையால் அக்காளுக்கு வந்தது தங்கைக்கும் வந்தே தீரும் என்று சொல்லித் தங்கையின் சம்பந்தத்தைத் தட்டிக் கழிப்பது அறிவும் அன்று, நீதியும் அன்று. நெருங்கிய உறவில் பலருக்கு வந்திருந்தால் வைத்தியரிடம் காட்டிப் பரிசோதிக்கலாம். அதற்கு மேல் பயந்து நடுங்க வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் இந்நோய்க்காரருக்கு மருத்துவமனை எதற்கு, எப்படியும் சாகப் போகிறவர்கள்தானே என்ற எண்ணம் பரவியிருந்தது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை 1923-ம் ஆண்டில் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தை அம்மையார் மனத்திலே வைத்திருந்து, முப்பது வருஷம் முயன்று, 1954-ம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கச் செய்தார். அது பன்னிரண்டு படுக்கைகளோடு ஆரம்பித்தது. மறு ஆண்டு அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார் 2021-ல் தாம் இறக்கும் வரையில் அந்த நோயாளிகளுக்காகவே உழைத்தார்.

சிகிச்சை முறையும் மாறியிருக்கிறது. பழைய முறையில் மார்பு முழுவதையும், அதன் கீழுள்ள தசையையும் சேர்த்து அறுத்தெடுப்பார்கள். தகுந்தவர்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்டு வைத்தாலும், முழுவதையும் எடுத்தவர்களைப் போலவே பிழைக்கிறார்கள் என்று அமெரிக்காவிலும் இத்தாலியாவிலும் இருபது வருஷம் தொடர்ந்து கவனித்து, 2002-ம் ஆண்டில் அறிவித்தார்கள். இப்பொழுது நம் ஜனங்கள் சென்னைக்குத்தான் ஓட வேண்டும் என்பதில்லை. மதுரைப் பாலரங்காபுரத்து அரசு மருத்துவமனையிலே சிகிச்சை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளின் செலவைத் தாங்குகிறது. ஆரம்பத்திலேயே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

ஆக, வைத்தியம் வளர்ந்திருக்கிறது. நம் மனம் வளர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வீடு திரும்பிய பெண்ணின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கீமோ மருந்தினால் தலைமயிர் உதிர்ந்திருக்கும். அது மறுபடியும் வளரும், ஆனால் வளருமட்டும் முக்காட்டைச் சரி செய்து கொண்டே இருப்பாள். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கை வீங்கக் கூடும். நிறைகுடம் தூக்கிப் பழகிய கை திடீரென்று பாரம் தூக்க அஞ்சும். சிலருக்கு மாதவிலக்கு நின்று போகும். முப்பது வயதிலே ஐம்பது வயதின் உஷ்ணமும் வியர்வையும் வரும். அசதி மாதக்கணக்கில் நீங்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம், அதற்கு ஒரு வாரம் முந்தியே தூக்கம் போய்விடும். வயதான பெண்களைக் காட்டிலும் இளம் பெண்களே இந்நோய்க்குப் பின் அதிகமாக மனம் ஒடிகிறார்கள். ஏனெனில் அவர்கள் முன்னே இருக்கிற வாழ்க்கை நீண்டது. வளர்க்க வேண்டிய பிள்ளைகளும், பெற நினைத்த பிள்ளைகளும், இனித்தான் ஆரம்பமாக வேண்டிய இல்லறமும் அதில் அடங்கியிருக்கின்றன.

இவ்வளவையும் அவள் சுமந்து கொண்டிருக்க, தெரு என்ன செய்கிறது? பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மாராப்பைப் பார்க்கிறார்கள். ஒன்றா, இரண்டும் போச்சா என்று அடுப்படியிலே கேட்கிறார்கள். இதே நோயில் செத்துப் போனவர்களின் கதையை ஒவ்வொன்றாக அவளிடமே சொல்கிறார்கள். வளைகாப்புக்கு அழைத்தாலும் வளையல் போட அவளை முன்னே விடுவதில்லை. மாமியார் வீட்டார், தேறி வரட்டும் என்று தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப அழைக்க மறந்து போகிறார்கள்.

பிரியமானவர்களே, இந்த நடத்தைக்கு வேராக மூன்று தப்பெண்ணங்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, நோய் பாவத்துக்கு வந்த தண்டனை என்பது. பிறவியிலே குருடனாயிருந்த மனிதனைக் கண்டு, பாவம் செய்தது இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டார்கள். இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று ஆண்டவர் தீர்ப்புச் சொன்னதை அருளப்பர் சுவிசேஷம் 9-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தத் தீர்ப்புக்கு மேல் நாம் யார் விசாரணை நடத்த?

பக்தியுள்ளவர்கள் செய்கிற வேறொரு பிசகும் உண்டு. சர்வேசுரன் தந்த சிலுவை, சந்தோஷமாகச் சும என்று உபதேசிக்கிறார்கள். சிலுவையைத் தானாக எடுத்துச் சுமப்பது புண்ணியம். பிறர் தோளிலே அதை ஏற்றிவைத்துவிட்டு உபதேசம் பண்ணுவது புண்ணியம் ஆகாது. சீரேனேயூர் சீமோன் உபதேசம் பண்ணவில்லை. சிலுவையின் பாரத்தில் தோள் கொடுத்தான்.

இரண்டாவது தப்பெண்ணம், பெண்ணுடைய மதிப்பு அவள் மார்பிலும் வயிற்றிலும் இருக்கிறது என்பது. இதைப் பற்றிச் சேசுநாதரே பேசியிருக்கிறார். ஜனக்கூட்டத்திலிருந்து ஒரு ஸ்திரீ குரலெழுப்பி, அவரைச் சுமந்த வயிற்றையும் அவருக்குப் பாலூட்டிய மார்பையும் புகழ்ந்தாள். தேவதாயின் வயிற்றையும் மார்பையும்விடப் பேறு பெற்ற வயிறும் மார்பும் உலகில் எவளுக்கு உண்டு? ஆயினும் ஆண்டவர் அந்தப் புகழ்ச்சியோடு நின்றுவிடவில்லை. தேவ வாக்கியத்தைக் கேட்டு அதைக் காத்து நடக்கிறவர்களே அதிலும் பாக்கியவான்கள் என்ற கருத்தில் விடையளித்தார் என்று லூக்காஸ் 11-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். தேவமாதாவின் மகிமைக்கே அடிப்படை அவர்களுடைய விசுவாசமும் கீழ்ப்படிதலும் என்றால், நம் வீட்டுப் பெண்ணின் மதிப்பை வேறு எந்தத் தராசில் வைத்து நிறுக்கப் போகிறோம்?

நம் உசிலம்பட்டியில் இதைச் சொல்லுகையில் ஒரு கசப்பான நினைவைத் தவிர்க்க முடியாது. 1986-ம் ஆண்டில், பெண் குழந்தைகளைப் பிறந்த உடனே கொன்றுவிடும் கொடுமைக்காக நம் ஊர்ப் பெயர் தேசமெங்கும் பத்திரிகையில் அடிபட்டது. 1992-ல் அரசாங்கம் சேலத்திலே தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஆரம்பித்துப் பின்னர் மற்ற ஜில்லாக்களுக்கும் விரித்தது. அந்தக் கொடுமை எதிலிருந்து பிறந்தது? பெண் என்றால் சீரும் செய்முறையும் நகையும் கேட்கிற செலவு என்ற கணக்கிலிருந்து பிறந்தது. அன்று தொட்டிலில் கிடந்த பெண்ணை நிறுத்த அதே தராசில்தான் இன்று சிகிச்சை முடிந்து வந்த பெண்ணையும் சிலர் நிறுக்கிறார்கள்: இவளுக்கு இவ்வளவு செலவு ஆயிற்றே, இனி இவளால் என்ன பிரயோசனம் என்று. தராசையே உடைத்தெறிய வேண்டும். மனுஷ ஆத்துமத்துக்கு விலை கேட்கிற உரிமை அதை உண்டாக்கி மீட்டவருக்கு மட்டுமே உண்டு. அவர் அதற்குத் தம் இரத்தத்தையே விலையாகக் கொடுத்தார்.

நம் தமிழ் மண்ணும் இதை ஒருவாறு உணர்ந்திருந்தது. மதுரையில் தன் இடது மார்பைத் திருகி எறிந்த கண்ணகியின் கதையை அறியாதவர் நம்மில் இல்லை. அது காப்பியக் கதை. அவளை நாம் வணங்குவதும் இல்லை. ஆனாலும் சித்ரா பௌர்ணமி அன்று கூடலூர் மலைமேல் இருக்கிற மங்கலதேவி கோவிலுக்கு ஏறுகிற நம் அயலார் எவரும், அவளை ஒரு மார்பு குறைந்தவள் என்று இகழ்ந்து சொன்னதுண்டா? அவளுடைய கற்பையும், நீதி கேட்ட துணிவையும் அல்லவா இந்த நாடு போற்றி வந்திருக்கிறது?

நமக்கோ அதிலும் மேலான சாட்சி இருக்கிறது. சிசிலித் தீவில் கத்தானியா பட்டணத்துக் கன்னிகையான ஆகத்தம்மாள், தன்னை இச்சித்த அதிகாரிக்கு இணங்காமல், விசுவாசத்தையும் கற்பையும் காத்ததற்காக மார்புகளை அறுக்கும் வேதனையை அனுபவித்து, சுமார் 251-ம் ஆண்டில் வேதசாட்சியாக மரித்தாள் என்பது பரம்பரை வழக்கம். திருச்சபை அவள் உறுப்புக் குறைந்ததை ஒளிக்கவில்லை. அவள் பெயரைத் திவ்விய பலிபூசையின் பழைய உரோமை நற்கருணைச் செபத்திலேயே சேர்த்து வைத்தது. மார்பில் நோயுற்ற பெண்கள் பல நூற்றாண்டுகளாக அவளுடைய வேண்டுதலைத் தேடி வருகிறார்கள்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: அப்படியானால் உடம்பிலே என்ன இருக்கிறது, ஆத்துமம்தானே முக்கியம், எதற்காக அந்தப் பெண் இப்படி அழ வேண்டும்? இதுதான் மூன்றாவது தப்பெண்ணம். நல்லவர்களும் விழுகிற குழி இது. உடம்பு வெறும் கூடு என்பது கத்தோலிக்க வேதத்தின் போதனை அன்று. சரீரத்தின் உத்தானத்தை விசுவசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிற நாம், சரீரத்தை அற்பமாக எண்ண முடியாது. சர்வேசுரன் தந்த நல்ல பொருள் ஒன்றை அவள் இழந்திருக்கிறாள். பிள்ளைக்குப் பாலூட்டின மார்பு, அல்லது ஊட்டலாம் என்று எண்ணியிருந்த மார்பு அது. நல்ல பொருளை இழந்தவர் துக்கப்படுவது நியாயம். லாசருவின் கல்லறையிலே, சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறவரே கண்ணீர் விட்டார் அல்லவா? ஆகையால் அழாதே என்று அவளை அதட்ட வேண்டாம். அவள் அழட்டும், நாம் பக்கத்தில் இருப்போம்.

ஆனால் துக்கம் வேறு, வெட்கம் வேறு. இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் இந்தக் காரியத்தின் சாரம். துக்கம் இழப்புக்கு உரியது. வெட்கம் பாவத்துக்கு உரியது. பாவமில்லாத இடத்திலே வெட்கத்தை உண்டாக்குகிறவர்கள், கண்ணால் துருவியும் வாயால் பழித்தும் நடக்கிற நாம்தான். ஆகையால் அந்த வெட்கம் நம்மைச் சேர வேண்டியது. உயிர்த்தெழுந்த ஆண்டவருடைய மகிமையான சரீரத்தைப் பாருங்கள். மரணத்தை ஜெயித்தவருக்கு ஐந்து காயங்களை மறையச் செய்வது பெரிய காரியமா? அவர் மறையச் செய்யவில்லை. கதவுகள் அடைத்திருந்த அறையிலே தம் கைகளையும் விலாவையும் தம்முடையவர்களுக்குக் காட்டினார். அந்த விலாக் காயத்தைத் தொட அழைக்கப்பட்டவர், நம் தமிழ்நாட்டுக்கு வந்து மயிலாப்பூரில் உயிர்விட்டதாகப் பரம்பரை சொல்லுகிற அர்ச். தோமையார். காயத்தின் தழும்பு மகிமைக்கு இழுக்கு இல்லை என்பதை அவரைவிட நமக்கு எடுத்துச் சொல்லத் தகுந்தவர் யார்?

இனிக் கல்யாணக் கேள்விக்கு வருவோம்.

பெற்றோர் சொல்வது இது: சொன்னால் சம்பந்தம் தட்டிப் போகும்; தாலி கட்டி முடிந்த பிறகு மெதுவாகத் தெரியட்டும். பெற்ற வயிற்றின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதற்கு இணங்கக் கூடாது. 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 1098-ம் எண்ணில், இல்லற உறவைப் பெரிதும் குலைக்கக் கூடிய ஒரு தன்மையைப் பற்றி வஞ்சகமாக ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருந்தால், அந்த மெய்விவாகமே செல்லாது என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மறைத்துக் கட்டின கல்யாணத்திலே அந்தப் பெண் எப்படி வாழ்வாள்? சிலர் ஐந்து வருஷம், பத்து வருஷம் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும். அதை அரிசிப் பானைக்குள் ஒளிப்பாளா? பரிசோதனைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் ஒரு பொய் சொல்வாளா? தன் புருஷனுக்கு முன்னே தன் உடம்பையே ஒளிக்க வேண்டிய வாழ்க்கை, கல்யாணம் என்ற பெயருடைய சிறை.

ஆகையால் சொல்ல வேண்டும். யாரிடம்? அவளைக் கைப்பிடிக்கப் போகிறவனிடம். எப்பொழுது? பேச்சு உறுதியாகிற நிலைக்கு வந்ததும், பரிசம் போடுவதற்கு முன்பே. என்ன சொல்ல வேண்டும்? வந்த நோய், செய்த சிகிச்சை, பிள்ளைப்பேற்றைப் பற்றி வைத்தியர் சொன்னது ஆகியவற்றை. அவனுக்குச் சந்தேகமிருந்தால் இருவருமாக வைத்தியரிடம் போய்க் கேட்கட்டும். தரகர் வாய் வழியாகப் போக வேண்டாம். அவளே சொல்வது உத்தமம், முடியாவிட்டால் தகப்பன் சொல்லட்டும்.

இத்தோடு சத்தியத்தின் கடன் தீர்ந்தது. ஊராருக்குச் சொல்ல வேண்டிய கடமை அவளுக்குக் கிடையாது. 1992-ல் வெளிவந்த திருச்சபையின் ஞானோபதேச நூல் 2488, 2489 எண்களில் இதைத் தெளிவாக்குகிறது: உண்மையை அறிகிற உரிமை எல்லாருக்கும் எல்லாக் காரியத்திலும் இல்லை, அந்த உரிமையில்லாதவருக்கு அதைத் திறந்து காட்ட ஒருவரும் கடமைப்பட்டவர் அல்லர். சித்தப்பன் வீட்டுச் சம்பந்தி கேட்டாலும், பஸ்ஸில் பக்கத்து இடத்திலிருப்பவள் கேட்டாலும், பொய் சொல்லாமலே பேச்சை நிறுத்திக் கொள்ள அவளுக்கு உரிமை உண்டு. உடம்புக்கு இப்போது சுகம், உங்கள் அன்புக்கு நன்றி என்றால் போதும்.

கேட்டு அறிந்தவனுக்கும் கடமை உண்டு. அவன் யோசித்து, எனக்கு மனத்திடம் போதவில்லை என்று விலகினால், அது அநீதி ஆகாது. சம்மதம் சுயாதீனமாயிருக்க வேண்டும். ஆனால் நம்பிக் சொன்னதை அவனோ அவன் வீட்டாரோ தெருவுக்குக் கொண்டு போனால், அது எட்டாம் கற்பனைக்கு விரோதமான பாவம். அந்தக் கற்பனை பொய்யை விலக்குவதோடு புறணியையும் விலக்குகிறது. ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்த பேச்சுக்கு, பாவசங்கீர்த்தனம் செய்வதோடு கூட, கெடுத்த பெயரைத் தன்னால் ஆனமட்டும் சரிக்கட்டும் கடமையும் உண்டு என்பதை மறவாதிருங்கள்.

உண்மையைச் சொன்னால் கல்யாணம் நிச்சயம் நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒருவர் போகலாம், இருவர் போகலாம், காத்திருப்பு நீளலாம். தனித்த வாழ்வும் சர்வேசுரனுக்கு முன் முழுமையான வாழ்வுதான். அவள் படிக்கட்டும், தொழில் செய்யட்டும், தன் காலில் நிற்கட்டும். வரன் அமையவில்லை, கன்னியர் மடத்துக்கு அனுப்பிவிடலாம் என்று மட்டும் ஒருவரும் பேச வேண்டாம். தேவ அழைத்தல் ஆண்டவர் தருகிற வரம். மீந்து போனவர்களை ஒதுக்கி வைக்கிற இடம் மடம் ஆகாது.

கல்யாணமானவர்களுக்கு ஒரு வார்த்தை. பீடத்துக்கு முன்னே கைகோத்து நின்றபோது, சுகத்திலும் நோயிலும் பிரமாணிக்கமாயிருப்பேன் என்று வாக்குக் கொடுத்தீர்கள். நோய் என்ற சொல்லை அந்த வாக்கிலே திருச்சபை சும்மா சேர்க்கவில்லை. மலட்டுத்தன்மை விவாகத்துக்குத் தடையும் அன்று, அதைச் செல்லாததாக்குவதும் அன்று என்று சட்டத்தின் 1084-ம் எண் சொல்கிறது. பிள்ளை பிறக்காது என்று காரணம் காட்டி மனைவியைத் தாய் வீட்டில் விட்டுவைப்பவர்கள் இதைக் கவனிக்கட்டும். மேலும், சிகிச்சைக்குப் பின் தாயானவர்கள் எத்தனையோ பேர். மாத்திரையை வைத்தியர் மேற்பார்வையில் சில காலம் நிறுத்திப் பிள்ளை பெற்ற பெண்களுக்கு, அந்தக் குறுகிய காலத்தில் நோய் திரும்புவது அதிகமாகவில்லை என்று 2023-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கண்டிருக்கிறது. ஆனால் மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே பிள்ளைப்பேற்றைப் பற்றி வைத்தியரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். வேத போதனைக்கு ஒத்த வழி எது என்ற சந்தேகம் வந்தால் என்னிடம் வாருங்கள்.

புருஷர்களில் பலர் கல்நெஞ்சர்கள் அல்லர். என்ன பேசுவது என்று தெரியாமல் ஊமையாகிவிடுகிறார்கள். அவள் மனம் நோகும் என்று எண்ணி அருகே வராமல் இருக்கிறார்கள். அவளோ, என் தழும்பைக் கண்டு அருவருக்கிறார் என்று எண்ணிக் கொள்கிறாள். நீங்களே முந்திப் பேசுங்கள். அவள் அனுமதித்தால் கட்டை மாற்றிக் கொடுங்கள். அவளுடைய தழும்பைப் பார்த்து முகம் திருப்பாத முதல் மனிதர் நீங்களாயிருங்கள். அவள் உடம்பும் மனமும் தேறும் வரை பொறுமையாயிருங்கள். இதுவே நீங்கள் கொடுத்த வாக்கின் பொருள்.

இனி நாம் எல்லாரும் செய்யக் கூடியவை சில. பார்க்கப் போனால் மார்பைப் பற்றிக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் அவனருகே உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்களாயிருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டுப் போனார்கள். அவளுக்கு ஒரு வேளை ரசம் வைத்துக் கொடுங்கள், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக் கொடுங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவையுங்கள், மதுரைக்குப் போகிற நாளிலே பஸ்ஸில் துணையாகப் போங்கள். வளைகாப்பிலும் கல்யாணத்திலும் அவளை முன் வரிசைக்கு அழையுங்கள். நன்மாலைகளில் அவளுக்குப் பழைய பொறுப்பையே கொடுங்கள். பாடினவள் பாடட்டும், ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவள் சொல்லிக் கொடுக்கட்டும்.

வாரக்கணக்கில் தூக்கமின்றி, உண்ண மனமின்றி, உயிரே பாரம் என்று பேசினால், அதை விசுவாசக் குறைவு என்று சொல்லிவிடாதீர்கள். அதற்கும் வைத்தியம் உண்டு. மனநல உதவிக்கு அரசாங்கம் ஏற்படுத்தியிருக்கிற 14416 என்ற தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சாமியாரை அழைத்தால் சாவு நெருங்கிவிட்டது என்ற பயமும் நம் வீடுகளில் இன்னும் தீரவில்லை. முன்பு அவஸ்தைப்பூசுதல் என்று சொன்ன தேவதிரவிய அநுமானம், மரண அவஸ்தையில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் போதித்தது. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1972-ம் ஆண்டில் அதன் சடங்கைப் புதுப்பித்தார். ஆகையால் ஆபரேஷனுக்கு முன்பே நோயில் பூசுதல் பெறலாம். அதற்காக அழைத்தால் எந்த நேரமும் வருவேன். யாருக்கும் தெரிய வேண்டாம் என்றால் யாருக்கும் தெரியாது.

மார்பிலே கட்டி, தோல் சுருக்கம், காம்பில் கசிவு, முன்பில்லாத எந்த மாற்றத்தைக் கண்டாலும், வலிக்கவில்லையே என்று இருந்துவிடாமல் உடனே வைத்தியரிடம் போங்கள் என்று தாய்மாரையும் பெண் பிள்ளைகளையும் கேட்டுக் கொள்கிறேன். வலியில்லாமலே இந்த நோய் ஆரம்பிப்பதுண்டு. வெட்கத்தினால் தாமதித்துச் சாவது கற்பு ஆகாது.

கடைசியாக, இதை வாசிக்கிற மகளே, இந்தப் பாதையில் நடந்து வந்தவள் நீயாயிருந்தால் உனக்கு ஒரு வார்த்தை. பன்னிரண்டு வருஷம் இரத்தப்போக்கினால் வருந்தி, சொத்தையெல்லாம் வைத்தியருக்குச் செலவழித்து, ஜனங்களால் தீட்டுள்ளவள் என்று ஒதுக்கப்பட்ட ஸ்திரீயை நீ அறிவாய். அவள் மறைவாகப் பின்னே வந்து ஆண்டவருடைய வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டாள். அவளுடைய நோயை அவர் கூட்டத்துக்கு அறிவிக்கவில்லை. யார் தொட்டது என்று மட்டும் கேட்டு, அவள் தானே தன் வாயால் சொல்லும் வரைக்கும் காத்திருந்தார். சொல்லி முடித்தவளை மகளே என்று அழைத்தார். அவளுடைய விசுவாசத்தைப் புகழ்ந்து, சமாதானமாய் அனுப்பினார். உன் தழும்பைப் பற்றி எப்பொழுது பேசுவது, யாரிடம் பேசுவது என்பது உன் உரிமை. நீ பேசும் வரைக்கும் காத்திருக்கவும், பேசினால் மகளே, தங்கச்சி, அக்கா என்று அழைத்து உன்னை அருகே உட்கார வைக்கவும் இந்தப் பங்கு கற்றுக் கொள்ள வேண்டும். அதற்காகவே இதை எழுதினேன்.

பிப்ரவரி 11-ம் தேதி காலைப் பூசையில் நோயாளிகளுக்காகவும் நோயிலிருந்து தேறினவர்களுக்காகவும் விசேஷமாக வேண்டிக் கொள்வோம். பூசைக்குப் பின் நோயில் பூசுதல் பெற விரும்புகிறவர்கள் முந்தின நாளே தெரிவித்தால் நலம். வர இயலாதவர்கள் வீட்டுக்குச் சற்பிரசாதம் கொண்டு வருவேன்.

அர்ச். ஆகத்தம்மாளே, எங்கள் பெண் பிள்ளைகளுக்காக வேண்டிக் கொள்ளும். நோயாளிகளின் ஆரோக்கியமான தேவமாதாவே, எங்களுக்காக வேண்டிக் கொள்ளும்.

ஆண்டவருக்குள்,
உங்கள் பங்குக் குருவானவர்,
உசிலம்பட்டி